என் முறையில் வந்த மேகங்கள்

குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று செய்தியில் சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம். எங்களுக்கு அந்த நாட்களில் மேகம் மட்டும்தான் வரும். மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வெறும் கையோடு எங்கள் தலைக்கு மேல் நகர்ந்து, மணப்பாட்டுப் பக்கம் கடலுக்குள் போய்விடும். ஒரு சொட்டு விழாது. காற்று மட்டும் தேரி என்கிற மணல்மேட்டின் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து சோற்றுப்பானை வரைக்கும் போடும்.

நானும் என் அண்ணனும் பேசாமல் போனது அந்த மாதிரி ஒரு ஆனி, ஆடி மாதத்து மேகத்தால்தான். சொன்னால் சிரிப்பார்கள். வரப்புக்காகப் பிரிந்தவர்கள் உண்டு, ஒற்றைப் பனைமரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்களும் எங்கள் பக்கம் உண்டு. மேகத்துக்காகப் பிரிந்தவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

எங்கள் தோட்டம் சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரி தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அப்பா சாகும்போது நிலத்தை இரண்டாகப் பங்கு வைத்தார். வடக்குப் பாதி அண்ணனுக்கு, தெற்குப் பாதி எனக்கு. நடுவில் கிணறு. கிணற்றை வெட்டிப் பங்கு வைக்க முடியாது. அதனால் நாளைப் பங்கு வைத்தார். ஒரு நாள் அண்ணன் தண்ணீர் இறைக்க வேண்டும், மறுநாள் நான். அது ஊறுகிற கிணறு. ஒரு பகல் இறைத்தால் அடி தெரியும். இரவு ஊறி, மறுநாளுக்குத் தண்ணீர் நிற்கும். இரண்டு பேரும் ஒரே நாளில் இறைக்க அதற்குத் தெம்பு கிடையாது.

இதோடு இன்னொன்றையும் அப்பா சொல்லிவிட்டுப் போனார். முறை தப்பினால் தப்பியதுதான். உன் நாளில் உனக்குக் காய்ச்சல் வந்தாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும், என்ஜின் மக்கர் செய்தாலும் அந்த நாள் போனது போனதுதான், மறுநாள் மற்றவனுக்கு. இப்படி வைக்காவிட்டால் ஈடு கேட்டுக் கேட்டே சண்டை வரும் என்று அவருக்குப் பயம். அவருடைய தம்பியோடு அவர் பட்டது அப்படி.

ஊரில் வீடுகளுக்குக் கரண்டு வந்து வெகுகாலம் ஆகிறது. தோட்டத்துக்குத்தான் வரவில்லை. அப்பா காலத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் உங்கள் வரிசை வரும் என்றார்கள். தார் ரோடு வரைக்கும் கம்பம் வந்தது, அங்கேயே நின்றுகொண்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் எங்கள் வாழை தெரியும். வாழையிலிருந்து பார்த்தால் கம்பம் தெரியும். அவ்வளவுதான்.

அதனால் டீசல் என்ஜின்தான். பழைய என்ஜின், ஓட வைக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும், ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு கை தவறினால் பல் போய்விடும். ஆகவே என் நாளென்றாலும் அண்ணன் விடிந்ததும் கிணற்றடிக்கு வந்துவிடுவார். அவர் நாளென்றால் நான் போய்விடுவேன். அவர் சுற்றுவார், நான் தண்ணீர் ஊற்றுவேன். முதல் தடவை பிடிக்காது. அண்ணன் என்ஜினைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார். திட்டிய கையோடு, "ஆண்டவரே, என்னை மன்னியும், ஆனா இவன் பண்ணுத காரியத்தப் பாத்தீரா" என்பார். எனக்குச் சிரிப்பு வந்து கையிலிருக்கும் வாளித் தண்ணீர் சிந்திவிடும். "ஏலே, நீ என்ஜின் பக்கமா, என் பக்கமா?" என்று என்னையும் சேர்த்துத் திட்டுவார்.

என் நாளில் என்ஜின் மொத்தமாகப் படுத்துக்கொண்டால் அப்பா சொன்ன சட்டப்படி அது என் நஷ்டம். ஆனால் அண்ணன் பக்கத்திலேயே நின்று, கையெல்லாம் கரியாக, என்னோடு சேர்ந்து தோற்றுப்போயிருப்பார். "சரி, நாளைக்கு ரெண்டு பேரும் பாதிப்பாதி பாச்சிக்கிடுவோம்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்காது. எனக்குக் கேட்கவும் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சின்னதிலிருந்தே நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதே அண்ணன்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு அரசாங்க மானியத்தில் சோலார் மோட்டார் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணன் ஓடியாடி வாங்கினார். எல்லா ஆபீசிலும் அவர் பேசினார், நான் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். ஒரு வைகாசியில் கம்பெனி ஆட்கள் வந்து கிணற்றுக்குத் தெற்கே கம்பி நட்டு, தகடுகளைச் சாய்த்து வைத்தார்கள். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. டீக்கடை அண்ணாச்சி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னவே, வெயிலப் புடிச்சு உள்ள விட்டா தண்ணி கொதிச்சுப் போவாதா?" என்றார்.

"கொதிச்சா நல்லதுதாம்வே. உம்ம கடைக்கு அப்படியே அனுப்பி வைக்கேன், டீத்தூள் மட்டும் போடும்" என்றார் அண்ணன்.

ஐயர் வந்து ஜெபம் செய்தார். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஜெபம் முடிந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்து, சிவப்புப் பொத்தானில் என் விரலை வைத்து அமுக்கினார். சத்தமே இல்லை. மோட்டார் ஓடவில்லை என்று நினைத்தேன். பார்த்தால் குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருக்கிறது. என் மனைவியும் அண்ணன் மனைவியான மதினியும் முகத்தைக் கழுவிக்கொண்டார்கள். அண்ணன் தொட்டிக்குள் இறங்கி வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார்.

டீசல் வாங்க வேண்டாம், கைப்பிடி சுற்ற வேண்டாம், கரி வேண்டாம். காலையில் போய்ப் பொத்தானை அமுக்கினால் போதும். ஒரு ஆள் போதும்.

இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. என் நாளில் அண்ணன் கிணற்றடிக்கு வரவேண்டிய வேலை இல்லை. அவர் நாளில் நான் போகவேண்டிய வேலை இல்லை. அண்ணன் மூட்டுவலிக்காரர், விடியற்காலையில் எழுந்து வரவேண்டாமே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் காலையில் சாத்தான்குளம் கடைத்தெருவுக்குப் போய் டீ குடித்துப் பேப்பர் பார்க்கப் பழகிக்கொண்டார். வாரக்கணக்கில் நாங்கள் கோயிலில், ஞாயிறு ஆராதனையில் மட்டும் பார்த்துக்கொண்டோம்.

முதல் வருடம் ஒரு குறையும் வரவில்லை. தேரியில் இல்லாத பொருள் எவ்வளவோ உண்டு, வெயில் மட்டும் குறைந்ததில்லை. அந்தத் தைரியத்தில் இரண்டு பேரும் முருங்கையைக் குறைத்து ஏத்தன் வாழை, அதாவது நேந்திரன், போட்டோம். ஏத்தனுக்குத் தண்ணீர் நின்றுவிட்டால் குலை தேறாது. அது தெரிந்துதான் போட்டோம். வெயில் இருக்கிறதே.

அடுத்த ஆனியில் அந்த மேகம் வந்தது.

மேகம் வந்தால் சோலார் மோட்டார் நிற்காது. நின்றாலாவது மனசு ஆறிவிடும். மூச்சுத் திணறுகிற மாதிரி ஓடும். குழாயில் தண்ணீர் கன்றுக்குட்டி மூத்திரம் பெய்கிற மாதிரி வரும். சூரியன் எட்டிப் பார்த்தால் கொஞ்சம் பொங்கும், உடனே அடங்கும். வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் முதல் வரிசை வாழையைத் தொடுவதற்குள் மண் குடித்துவிடும். நான் தொட்டியடியில் நின்று வானத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் அப்படியே நிற்கும்.

மறுநாள் அண்ணன் முறை. மறுநாள் வெயில் அடித்தது.

அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு நாள் தண்ணீர் இல்லை. நான் எடுக்காமல் விட்ட தண்ணீர் மேலே, இரவு ஊறிய தண்ணீர் கீழே. குழாய் நிறைய சாயங்காலம் வரைக்கும் வந்தது. அடுத்த நாள் என் முறை. கிணற்றில் ஒரு இரவு ஊறியது மட்டும் கிடந்தது, வானத்திலும் மேகம்.

ஒரு தடவை என்றால் நானும் மறந்திருப்பேன். அந்த வருடம் என்னவோ, என் நாளைப் பார்த்துப் பார்த்து மேகம் வந்தது. அவருக்கும் சில நாள் மேகம் வராமலா இருந்திருக்கும்? அது என் கண்ணில் படவில்லை. அவர் நாளில் நான்தான் கிணற்றடிக்குப் போவதில்லையே. என் நாளில் என்ன நடந்தது என்று அவருக்கும் முதலில் தெரிந்திருக்காது. ஒரே வானம்தான், ஆனால் கடைத்தெருவில் டீ குடிக்கிறவருக்கு மேகம் நிழல், குழாயடியில் நிற்கிறவனுக்கு அது வேறு.

அண்ணனே வந்து, "உன் நாள்ல ஓடல போல இருக்கே, நாளைக்கும் நீயே பாச்சிக்கோ" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். என்ஜின் காலத்தில் சொன்னவர்தானே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்து செருப்புப் போடும் இடத்தில் பக்கத்தில் போய் நிற்பேன். "என்னலே, வாழ எப்படி நிக்கி?" என்பார். "நிக்கி" என்பேன். அதோடு முடிந்துவிடும்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க கேக்காட்டி நான் கேப்பேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அண்ணன் தம்பிக்குள் கேட்டு வாங்குவது என்றால் அப்புறம் அது என்ன உறவு. அப்படி நினைத்தேனா, இல்லை வாய் வராததற்கு அப்படி ஒரு நியாயம் வைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

ஒரு நாள் அண்ணன் முறையில் மதினி தொட்டியில் துணி துவைக்க வந்தாள். என் மனைவி புல் அறுத்துக்கொண்டிருந்தவள் அரிவாளைப் போட்டுவிட்டுப் போனாள். நான் வாழைக்கு உள்ளே நின்றேன். இரண்டு பேரும் பேசியது முழுவதும் எனக்குக் கேட்டது.

"தண்ணி நல்லா வருதுல்லாக்கா" என்றாள் என் மனைவி.

"வருதுளா. கர்த்தர் கிருப."

"கர்த்தர் கிருப பாதி. எங்க தண்ணி பாதி."

மதினி துணியை அடிப்பதை நிறுத்தினாள். "என்னளா சொல்லுத?"

"நேத்து எங்க முறை. மேகம். மோட்டார் ஓடல. எங்க தண்ணி கெணத்துலதான கெடந்துச்சு? இன்னைக்கு அதையும் சேத்துல்லா எடுக்கீங்க."

"மேகத்த நாங்களா வெத்தல பாக்கு வச்சுக் கூப்புட்டோம்?"

"நீங்க கூப்புடல. ஆனா வந்த மேகம் உங்களுக்குல்லா நல்லது பண்ணிட்டுப் போவுது."

"ஏளா, மாமா வச்ச முறை இது. தப்புனா தப்புனதுதான். எங்க நாள்ல மேகம் வரலியா? நாங்க உன் வாசல்ல வந்து நின்னோமா?"

"நிக்க வேண்டாம்க்கா. மேல ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான இருக்காரு."

"பாக்கட்டும். புருசன் வாய்ல மண்ண வச்சுக்கிட்டுப் பொண்டாட்டிய ஏவி விடுதத அவரும் பாக்கட்டும்."

என் மனைவி அழுதுகொண்டே வந்தாள். நான் வாழைக்குள்ளேயே நின்றேன். வெளியே வந்து, "மதினி, அப்படி இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கலாம். சொல்லவேண்டியது என்ன என்பதெல்லாம் மனசுக்குள் வரிசையாக நின்றது. கால் நகரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செருப்புப் போடும் இடத்தில் அண்ணன் என்னிடம் வாழை எப்படி நிக்கி என்று கேட்கவில்லை.

ஆடி போனது, ஆவணி போனது. நாள் மாறாமல் முறை நடந்தது. அவர் நாளில் அவர், என் நாளில் நான். சத்தமில்லாத மோட்டார், யார் இறைக்கிறார்கள் என்று தெரு வரைக்கும் தெரியாது. என்ஜினாக இருந்தால் இரண்டு பேரும் வேண்டும், பேசாமல் இருந்தாலும் வாளியையும் கைப்பிடியையும் பிடித்தாக வேண்டும். இந்தப் பொத்தானுக்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம்.

ஐப்பசியில் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலாவதைக் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், முருங்கைக்கட்டு, கருப்பட்டி, சேவல், முட்டை எல்லாம் வரும். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளைதான் தூக்கிக் காட்டி ஏலம் கேட்பார். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டுப் பொருளை அந்த வீட்டு உறவுக்காரர்கள்தான் விடாமல் விலையை ஏற்றி எடுப்பார்கள். அண்ணன் பொருளைத் தம்பி, மாமன் பொருளை மச்சான். வெளி ஆள் எடுத்துப்போனால் அந்தக் குடும்பத்தில் என்னவோ சரியில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு வருடமும் என் பொருளை அண்ணன் எடுப்பார். அவர் பொருளை நான் எடுக்க வேண்டும். ஆனால் அத்தனை பேர் நடுவில் நான் எங்கே சத்தம் கொடுப்பது. அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் ஒரு விரலைத் தூக்குவேன். அவர் உடனே, "தம்பி ஏத்துதான்!" என்று கத்துவார். மறுபடி விரலைத் தூக்குவேன், மறுபடி கத்துவார். பின்னால் இருந்து யாராவது, "என்னவே, உம்ம குலைய நீரே ஏலம் எடுக்குதீரு?" என்று கேட்பார்கள். "நான் எங்கவே எடுக்கேன்? அவன்தான் எடுக்கான். அவனுக்கு வாய் மட்டும் என்கிட்ட இருக்கு" என்பார் அண்ணன். கோயிலே சிரிக்கும். ஐயரும் சிரிப்பார்.

அந்த வருடம் அண்ணன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசித் தூணருகே.

என் குலைதான் முதலில் வந்தது. தேறாத குலை. காய்கள் விரல் மாதிரி இருந்தன. கோயில்பிள்ளை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்தே யாரோ, "சோலார் குலையாவே? வெயில்லயே காஞ்சிட்டு போல" என்றார். சிரித்தார்கள். என் காது சுட்டது. அப்போது முன் வரிசையிலிருந்து அண்ணன் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலேயே ஏற்றினார். எதிர்த்து யாரும் கேட்காதபோதும் அவர் கேட்டதின் மேல் அவரே இன்னொரு தடவை ஏற்றினார். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் குலை அந்த விலைக்குப் பெறவே பெறாது.

எனக்கு அது வேறு மாதிரி உறைத்தது. தண்ணீர் தராதவர் விலை தருகிறார், சபை பார்க்கத் தருகிறார் என்று தோன்றிவிட்டது.

அடுத்து அண்ணன் குலை. இரண்டு பேர் கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். கோயில்பிள்ளை பழக்கத்தில் நேராக என்னைத்தான் பார்த்தார். அண்ணனும் திரும்பினார். ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார். வாயைக் கொஞ்சம் திறந்தபடி இருந்தார். நான் விரலைத் தூக்கினால் போதும், அங்கிருந்தே கத்தியிருப்பார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி பார்த்தாள். மதினி பார்த்தாள்.

என் கை வேதப்புத்தகத்துக்குக் கீழே இருந்தது. தூக்கவில்லை. கோபத்தில் தூக்கவில்லையா, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கை எழவில்லையா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இரண்டும் இருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஒரு தரம் என்றார் கோயில்பிள்ளை. இரண்டு தரம் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நிறுத்தினார். திருச்செந்தூர் ரோட்டில் கடை வைத்திருக்கிற ஒருவர் இனி நன்றாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, தயங்கித் தயங்கிக் கேட்டார். குலை அவருக்குப் போனது. அண்ணன் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்து அண்ணன் தூத்துக்குடிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். மகன் அங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கிறான், மூட்டுக்கு வைத்தியம் பார்க்க அங்கேதான் வசதி, மகனும் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் நிஜம்தான். ஆனால் ரொம்ப நாளாகப் போகாதவர் அப்போது ஏன் போனார் என்று ஊரில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததே போதும்.

போவதற்கு முந்தின நாள் கிணற்றடிக்கு வந்தார். அன்றைக்கு என் முறை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் கீழ்ப்பாத்தியில் மடை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. தோள் துண்டைத் தொட்டியில் நனைத்துப் பிழிந்து, தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். தேரி மண்ணும் கடல் காற்றும் சேர்ந்து அதில் ஒரு பிசுக்குப் பிடித்துவிடும், துடைக்காவிட்டால் தண்ணீர் குறையும். மேல் வரிசை எட்டவில்லை. மூட்டுவலியோடு கல்லின் மேல் ஏறி நின்று துடைத்தார். போய்த் துண்டை வாங்க வேண்டும் என்று மண்வெட்டியைக் கீழே வைத்தேன். நான் வரப்பு ஏறுவதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். மடைக்கு வந்த தண்ணீர் கூடியது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மதினிதான் வீட்டுக்கு வந்தாள். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், "இனிமே எல்லா நாளும் நீங்களே எறச்சுக்கிடுங்க கொழுந்தனாரே. எங்க பக்கத்தையும் பாத்துக்கிடுங்க" என்றாள். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒன்னு சொல்லட்டா? அவுகளுக்குத் தெரியும், உங்க நாள் பாதி மேகத்துல போச்சுன்னு. குடுக்கக் கூடாதுன்னு இல்ல. 'என் தம்பி என்கிட்ட வாயத் தொறந்து ஒரு தடவ கேக்கட்டும், கெணத்தையே குடுக்கேன்'னு ஆடி முழுக்கச் சொல்லிக்கிட்டு இருந்தாக. கேட்டாத்தான் என்ன?"

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏலத்துல எடுத்த உங்க குலைய வீட்டுல தொங்க விட்டு, பழுக்கப் பழுக்க அவுகளேதான் தின்னாக. எனக்கு ஒரு பழம் தரல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது எல்லா நாளும் என்னுடையதுதான். கிணறு முழுவதும் எனக்கு, வெயில் முழுவதும் எனக்கு. இரண்டு பங்கிலும் வாழை நிற்கிறது, நன்றாகவே நிற்கிறது. மேகம் வந்தால் வரட்டும், மறுநாள் பாய்ச்சிக்கொள்ளலாம். அதைப் பற்றிச் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

இந்த ஆனியில் அண்ணனுக்கு மூட்டில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்து பார்க்கப் போனேன். மனைவி முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் கட்டிக் கொடுத்தாள். திருச்செந்தூர் போய், அங்கிருந்து காயல்பட்டினம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று கோர்த்துக்கொண்டே போனேன். துறைமுகத்துப் புகைபோக்கி தெரிகிற வரைக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

மாடி வீடு. அண்ணன் ஜன்னலோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். "வாலே" என்றார். அவ்வளவுதான். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், இருக்கு என்றார். மருமகள் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள். கீழே லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் சத்தத்தில் நாங்கள் பேசாதது அவ்வளவாகத் தெரியவில்லை. கோர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

ஜன்னல் வழியே வானம் மங்கிக் கிடந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கனயும் இப்படித்தானா?"

"ஆமாண்ணே. குத்தாலத்துல சாரலாம்."

"மோட்டார் ஓடுதா?"

"எங்க ஓடுது. சும்மா ஒழுகிக்கிட்டுக் கெடக்கு."

தலையை ஆட்டினார். "இன்னைக்கு யாரு முறை?" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மறந்துபோயும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அவரும் என்னைப் பார்த்தார். பழைய வரிசையில் எண்ணிப் பார்த்தேன்.

"எனக்குத்தாண்ணே" என்றேன். பிறகு எப்படி வந்ததென்று தெரியவில்லை, "மேகமா இருக்கு. நாளைக்கும் நானே பாச்சிக்கிடட்டுமாண்ணே?" என்று கேட்டேன்.

மதினி டீ டம்ளர்களோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அண்ணன் காலை இழுத்து நேராக உட்காரப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"பாச்சிக்கோலே" என்றார். "மறுநாளும் பாச்சிக்கோ. அங்கன இனி வேற யாரு இருக்கா."